எதிரொலி நிகழ்ச்சிக்கு, 35 ஆண்டுக்கும் மேல் தாமதமாக

பெறுநர்: பிரசார் பாரதி ஆவணக் காப்பகத்தாரும் டிடி தமிழ் நிலையத்தாரும், சுவாமி சிவானந்தா சாலை, சென்னை.

வணக்கம்.

இந்தக் கடிதத்தை நான் 1989-ல் எழுதியிருக்க வேண்டும். அப்போது அஞ்சலட்டை 15 காசு. ‘எதிரொலி, தொலைக்காட்சி நிலையம், சென்னை - 5’ என்ற முகவரி எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். நேயர்கள் எழுதிய கடிதங்களை நிலைய இயக்குநரே கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து படித்துப் பதில் சொல்லும் நிகழ்ச்சி அது. பாராட்டையும் படிப்பார்கள், திட்டையும் படிப்பார்கள். ‘ஆவன செய்கிறோம்’ என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டதே அங்கேதான். என்னிடம் அன்று ஒரு கேள்வி இருந்தது. அட்டையும் வாங்கி வைத்திருந்தேன். எழுதவில்லை. அந்தக் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது, அதனால் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில், கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. ஆனால் எங்கள் பக்கம் சென்னை தெரிய ரொம்ப வருஷம் ஆனது. எங்கள் தெருவில் முதலில் டிவி வந்தது தலைமை ஆசிரியர் வீட்டில். மரப்பெட்டிக்குள் வைத்த, இழுத்து மூடும் கதவு வைத்த சாலிடேர் செட். வாங்கி வந்து ஆன்டெனாவை மாடியில் நட்டபோது அது இலங்கை இருக்கும் திசையைப் பார்த்து நின்றது. ரூபவாஹினி 1982-ல் தொடங்கியிருந்தது. பூஸ்டர் வைத்தால் கடல் தாண்டி எங்கள் ஊருக்கு வரும், ஆனால் சென்னை வராது. வாரத்தில் எப்போதாவது ஒரு தமிழ்ப் படம் போடுவார்கள். அதற்காகவே ஊரே காத்திருக்கும். மற்ற நாளெல்லாம் சிங்களம். நான் என் வாழ்க்கையில் பார்த்த முதல் கார்ட்டூன் சிங்களத்தில் பேசியது. விலங்குகளோடு பேசும் ஒரு டாக்டரின் கதை. அது டாக்டர் டூலிட்டில் என்று எனக்குத் தெரிந்தது கல்லூரிக்குப் போன பிறகு.

அப்புறம் 1984-ல் நாடு முழுக்கச் சிறிய ஒளிபரப்பிகளை, கிட்டத்தட்ட நாளுக்கொன்று என்ற வேகத்தில் நிறுவினார்கள். தென் மாவட்டத்து நகரங்களுக்கும் வந்தன. அவற்றின் வழியாக எங்களுக்குக் கிடைத்தது டெல்லி. அதாவது இந்தி. ‘ஹம் லோக்’ பார்த்தோம், புரியாமலே பார்த்தோம். ‘விக்ரம் அவுர் பேத்தாள்’ மட்டும் புரிந்தது, ஏனென்றால் வேதாளம் தோளில் ஏறும் கதை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கைக்கடிகாரத்தில் பேசி ராட்சத ரோபோவைக் கூப்பிடும் அந்த ஜப்பான் பையனைப் பார்த்துவிட்டு நாங்கள் வெறும் மணிக்கட்டில் பேசிக்கொண்டு திரிந்தோம்.

1987 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணம் தொடங்கியபோது எங்கள் ஆச்சி சார் வீட்டுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ராமனாக அருண் கோவிலைப் பார்த்ததும் பிள்ளைகள் எல்லோரும், “விக்கிரமாதித்தன்!” என்று கத்தினோம். விக்ரமாக நடித்தவரும் அவர்தானே. ஆச்சி அதட்டினாள். அவளுக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் ஒவ்வொரு வாரமும் அவள்தான் எங்களுக்கு வசனம். “இப்பப் பாரு, கைகேயி மொகத்தைத் திருப்பிக்கிட்டுக் கெடப்பா. வரம் கேக்கப் போறா.” திரையில் அது நடப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே சொல்லிவிடுவாள். ராமாயணம் எனக்கு ஆச்சியின் குரலில்தான் ஞாபகம் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பெட்டி முதலில் சிங்களம் பேசியது, பிறகு இந்தி பேசியது. நாங்கள் இரண்டையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். அது நம்மோடு பேசும் பெட்டி என்று நினைத்ததே இல்லை. பிறகு சென்னை நிகழ்ச்சிகளை எங்கள் பக்கம் கொண்டுவரும் டிவி டவர் கொடைக்கானலில் வந்தது. சாரும் அவர் மகனும் மாடி ஏறி, இலங்கையைப் பார்த்து நின்ற ஆன்டெனாவை வடக்கே திருப்பினார்கள். கீழே நாங்கள் ஜன்னலோரம் நின்றோம்.

“தெரியுதா?”

“இல்ல சார்.”

“இப்ப?”

“புள்ளி புள்ளியா வருது சார்.”

“இப்ப?”

“வந்துருச்சு! வந்துருச்சு! கையை எடுக்காதீங்க சார்!”

அன்று திரையில் ஓர் அம்மா தமிழில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். என்ன செய்தி என்று நினைவில்லை. சோபனா ரவியாக இருக்கலாம், அதுவும் உறுதியில்லை. பெட்டி எங்கள் மொழியில் பேசியது என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஆச்சி எழுந்து நின்று கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘ஒளியும் ஒலியும்’ ஓடும் அரை மணி நேரமும் தெருவில் நாய் மட்டும்தான் நடக்கும். ஏழோ எட்டோ பாட்டு. இதில் ரஜினி பாட்டு எத்தனை, கமல் பாட்டு எத்தனை என்று சாயங்காலமே பந்தயம் நடக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் பாட்டு வந்தால் நாங்கள் உச்சுக்கொட்டுவோம், பின்னாலிருந்து அம்மாமார்கள் எங்கள் தலையில் தட்டுவார்கள். நல்ல பாட்டு பாதியில் இருக்கும்போது ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை வரும். அந்த அட்டையின் முன்னால் இருபது பேர் அசையாமல் உட்கார்ந்திருப்போம். எழுந்து போனால் இடம் போய்விடும்.

‘கண்மணிப் பூங்கா’வில் எங்கள் வயசுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பாடுவார்கள், சின்ன நாடகம் போடுவார்கள். எனக்கு அது பெரிய அதிசயம். டிவிக்குள் இருக்கும் பிள்ளைகள் சிவப்பாகத்தான் இருப்பார்கள், வேறு மொழிதான் பேசுவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அங்கே ஒரு பையன் எண்ணெய் வழியத் தலை வாரி, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு திக்கித் திக்கித் திருக்குறள் சொன்னான். என்னை மாதிரியே இருந்தான். செவ்வாய்க்கிழமை நாடகத்தில் காத்தாடி ராமமூர்த்தி துப்பறியும் சாம்புவாக வந்தார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஞாயிறு முன்னோட்டத்தில் வாரத்து நிகழ்ச்சிகளைச் சொல்லும்போது என் அக்கா நோட்டில் எழுதிக்கொள்வாள். அந்த நோட்டு இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். அது பாட்டைப் பற்றியோ நாடகத்தைப் பற்றியோ இல்லை. எந்த நிகழ்ச்சி வந்தால் நாங்கள் “ஐயோ” என்று எழுந்து வெளியே விளையாடப் போவோமோ, அதைப் பற்றி. விவசாயிகளுக்கான ‘வயலும் வாழ்வும்’.

மகாபாரதம் ஓடிக்கொண்டிருந்த சமயம். அதனால் 1988 அக்டோபருக்குப் பிறகு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். பருத்தி வெடித்திருந்தது, ஆக 1989 மாசியாக இருக்க வேண்டும். கோவில்பட்டியில் நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உண்டு. 1901-ல் தொடங்கியது. மானாவாரிப் பருத்திக்குப் பேர்போனது. அங்கிருந்து ஓர் அதிகாரி, கூடவே கேமராவோடு நாலைந்து பேர், ஒரு வேனில் எங்கள் காட்டுக்கு வந்தார்கள். என் தாத்தா அப்போது கொஞ்சம் நிலத்தில் கருங்கண்ணிப் பருத்தி போட்டிருந்தார். ஊரில் பலபேர் வேறு ரகத்துக்கு மாறிவிட்டார்கள், அவர் மாறவில்லை. அதனால் அவரிடம் மைக்கை நீட்டினார்கள்.

தாத்தா முதலில் பேசவே மாட்டேன் என்றார். பிறகு துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துப் பேசினார். பக்கத்தில் நின்று கேட்டவன் நான். “கரிசல் ஒரு தடவ நல்லாத் தண்ணி குடிச்சிருச்சுன்னா நாலு மாசம் தாங்கும். பருத்திக்கு ஈரம் மேல இருந்து என்ன செய்ய, அடியில இருக்கணும்.” இன்னும் நிறையச் சொன்னார், கலப்பை பற்றி, பனி பற்றி. எல்லாம் மறந்துபோனது. இந்த இரண்டு வரி மட்டும் நின்றது.

ஒளிபரப்பாகும் நாள் என்று சொன்ன நாளில் சார் வீட்டில் இடம் இல்லை. திண்ணையில், ஜன்னலில், படியில் எல்லாம் ஆட்கள். தாத்தா மட்டும் வரவில்லை, கூச்சம். நெல் பற்றி ஏதோ வந்தது, முடிந்தது. பிறகு எங்கள் காடு வந்தது. எங்கள் வேப்பமரம் வந்தது. தாத்தா துண்டைக் கட்டினார். “கரிசல் ஒரு தடவ” என்றார். கரண்ட் போய்விட்டது.

மின்சாரம் திரும்ப வந்தபோது பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. மறு ஒளிபரப்பு வந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த மார்கழியில் தாத்தா தவறிவிட்டார். அவருடைய போட்டோ எங்களிடம் ஒன்று இருக்கிறது. குரல் இல்லை. அவர் நடப்பது, துண்டை உதறுவது, எதுவும் இல்லை. நான் அந்த அஞ்சலட்டையில் கேட்க நினைத்தது, “எங்க தாத்தா பேசினதை இன்னொரு தடவ போடுவீங்களா?” என்பதுதான்.

இதை என் வீட்டுக் கதையாக மட்டும் உங்களிடம் கொண்டுவரவில்லை. யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு தமிழ் விவசாயியை, ஒரு நெசவாளியை, மீன்பிடிப்பவரை, அவர் பேச்சிலேயே பேசவைத்துப் படம்பிடிக்கக் கேமராவோடு ஊருக்குள் வந்தவர்கள் எத்தனை பேர்? சினிமா வந்தால் அவர்களைப் போல வேஷம் கட்டியவர்களைத்தான் படம் எடுத்தது. நீங்கள் அவர்களையே எடுத்தீர்கள். செங்கல்பட்டுப் பேச்சும் தஞ்சாவூர்ப் பேச்சும் கரிசல் பேச்சும் அந்த நாடாக்களில் இருக்கின்றன. இன்று யாரும் போடாத விதை, யாரும் பூட்டாத ஏர், மூடிப்போன கிணறு எல்லாம் இருக்கின்றன. ‘கண்மணிப் பூங்கா’வில் பாடிய பிள்ளைகள் இன்று ஐம்பது வயதுக்காரர்கள். தங்கள் பத்து வயது முகம் அசைவதைப் பார்க்காதவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள்.

2020 ஊரடங்கில் மார்ச் 28 முதல் ராமாயணத்தை மறுபடி போட்டீர்கள். ஏப்ரலில் பழைய தொடர்களுக்கென்றே டிடி ரெட்ரோ தொடங்கினீர்கள். 2024 நவம்பரில் வேவ்ஸ் செயலி வந்தது, அதில் ஹம் லோக் கூட இருக்கிறது. நான் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது. சென்னை நிலையத்தின் கர்நாடக இசைக் கச்சேரிகளில் சிலவற்றை வட்டுகளாக வெளியிட்டிருக்கிறீர்கள், அதற்கும் நன்றி. பெரிய தொடருக்கும் பெரிய வித்வானுக்கும் கிடைத்த அந்தக் கவனத்தை எதிரொலிக்கும், வயலும் வாழ்வும் நிகழ்ச்சிக்கும், கண்மணிப் பூங்காவுக்கும் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அவசரமாகக் கேட்கக் காரணம், நாடாவுக்கு ஆயுசு குறைவு. எண்பதுகளில் நிலையங்கள் பயன்படுத்திய யூ-மேட்டிக் கேசட், ஒரு தடித்த புத்தகம் அளவுக்கு இருக்கும். உள்ளே முக்கால் அங்குல நாடா. அந்த நாடாவில் காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் காலப்போக்கில் பிசுபிசுத்துப் போகும். அந்த நிலையில் ஓடவிட்டால் துகள் உரிந்து கருவியின் முனையில் ஒட்டிக்கொள்ளும், படம் அதோடு போகும். அப்படிப்பட்ட நாடாவைக் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்தி, பிறகு ஒரே மூச்சில் ஓட்டிப் பிரதி எடுக்க வேண்டும். உங்கள் நிலையம் இருக்கும் சேப்பாக்கம், கடலுக்கு எவ்வளவு பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கும் முந்தைய 16 எம்.எம். பிலிம் சுருள்கள் இருந்தால், டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வருகிறதா என்று யாராவது முகர்ந்து பார்க்கட்டும். வந்தால் பிலிமின் அடிப்பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். யூ-மேட்டிக் ஓட்டும் கருவி இன்று யாரும் தயாரிப்பதில்லை. அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த பொறியாளர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் உங்கள் நிலையத்தில் வேலை பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நேரலையாகப் போய் பதிவே ஆகாத நிகழ்ச்சிகள் இருக்கும். நாடா விலை அதிகமாக இருந்த காலத்தில் பழையதன் மேலேயே புதியதைப் பதிவது உலகம் முழுக்க நடந்தது. பிபிசியே தன் ‘டாக்டர் ஹூ’ தொடரின் பழைய பகுதிகள் பலவற்றை அப்படி இழந்தது. ஆனால் அவர்கள் தேடுவதை நிறுத்தவில்லை. தங்களிடம் எது இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். வெளிநாட்டு நிலையங்களிலும் தனியார் வீடுகளிலும் இருந்து பகுதிகள் திரும்பி வந்தன. 2013-ல் நைஜீரியாவில் மட்டும் 9 பகுதிகள் கிடைத்தன. எது காணாமல் போனது என்று சொன்னதால்தான் தேடுகிறவர்களுக்கு எதைத் தேடுவது என்று தெரிந்தது.

அதனால் முதலில் எனக்கு வேண்டியது படம்கூட இல்லை, பட்டியல். சென்னை நிலையத்தின் காப்பகத்தில் என்னென்ன நாடா இருக்கிறது, அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது, எந்த வருஷம் என்று ஒரு பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அதற்குப் பெரிய செலவும் இல்லை, யாருடைய உரிமையும் குறுக்கே வராது. விளம்பரதாரர் தொடர்களிலும் சினிமாப் பாட்டுகளிலும் உரிமைச் சிக்கல் உண்டு என்பது எனக்குப் புரிகிறது. ‘ஒளியும் ஒலியும்’ முழுசாகத் திரும்பி வராது என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் வயலும் வாழ்வும் நிலையமே தயாரித்தது, எதிரொலியும் அப்படித்தான். அவற்றை வெளியிட நீங்கள் யாரிடம் அதிகமாகக் கேட்க வேண்டியிருக்கும்?

இன்னொன்று. எங்களிடமும் கேளுங்கள். எண்பதுகளின் கடைசியில் வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வீட்டுக்கு வீடு விசிஆர் கொண்டுவந்தார்கள். கல்யாண கேசட்டின் மிச்ச இடத்தில் டிவியைப் பதிவுசெய்து வைத்தவர்கள் ஏராளம். சங்கீத ரசிகர்கள் கச்சேரிகளை அப்படித்தான் காப்பாற்றினார்கள். என் மாமா சவூதியில் இருந்து கொண்டுவந்த விசிஆரில் பதிந்த இரண்டு கேசட் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒன்றில் ஒரு செவ்வாய்க்கிழமை நாடகத்தின் பின்பாதியும், அது முடிந்து வரும் அறிவிப்பும், சுழன்று வரும் தூர்தர்ஷன் சின்னமும், அந்த ஷெனாய் இசையும் இருக்கின்றன. அறிவிப்பாளர் அம்மா “வணக்கம்” சொல்லிவிட்டு ஒரு விநாடி அப்படியே நம்மைப் பார்ப்பார். நாடகத்தைவிட எனக்கு அந்த ஒரு விநாடி பிடிக்கும். கேட்டால் கேசட்டை நானே கொண்டுவந்து தருகிறேன். ‘பழைய பதிவு வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள்’ என்று டிடி தமிழில் ஓர் அறிவிப்பு போடுங்கள். பரண்களில் இருந்து எவ்வளவு இறங்கி வருகிறது என்று பாருங்கள்.

2025 ஆகஸ்ட் 15-ல் உங்கள் நிலையத்துக்கு 50 வயது நிறைந்தது. பொதிகை என்ற பெயர் போய் 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று ஆனபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் வருத்தம், ஆனாலும் திரையில் புதுத் தெளிவு வந்தது நல்லதே. அந்தத் தெளிவான திரையில் மங்கலான பழைய படம் ஓடினால் யாரும் குறை சொல்ல மாட்டோம். புள்ளி புள்ளியாக வந்த படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

என் தாத்தாவைத் தேடுகிறவர்களுக்கு உதவியாகச் சில விவரம் தருகிறேன். நிகழ்ச்சி, வயலும் வாழ்வும். 1989, பெரும்பாலும் பிப்ரவரி அல்லது மார்ச். நாடாவின் மேல் கோவில்பட்டி என்றோ, மானாவாரிப் பருத்தி என்றோ, கருங்கண்ணி என்றோ எழுதியிருக்கலாம். முதலில் நெல் பற்றிய பகுதி வரும். அடுத்து கரிசல் காடு, இடது ஓரத்தில் ஒரு வேப்பமரம், அதன் கிளை ஒன்று தரையைத் தொடுகிற அளவுக்கு வளைந்திருக்கும். மெலிந்த, உயரமான பெரியவர். வெள்ளைத் துண்டு, சிவப்புக் கரை. கேமராவைப் பார்க்க மாட்டார். அவருக்குப் பின்னால், பருத்திச் செடிகளுக்கு நடுவில், காக்கி டவுசர் போட்ட ஒரு பையன் நிற்பான்.

இப்படிக்கு,
கோவில்பட்டிப் பக்கத்து நேயர் ஒருவர்